அனுசியா கூப்பிட்ட மழை

உவர்க்குடியில் மாசி பிறந்ததிலிருந்து புரட்டாசி முடியும்வரை மழை என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்க மாட்டார்கள். எடுத்தால் வந்துவிடும் என்று பயம். வானம் கறுத்தால் 'அது வருது' என்பார்கள், அவ்வளவுதான். பெண்கள் வாசலுக்கு ஓடிவந்து ஒரு கை உப்பை அள்ளி மேகம் நிற்கிற திசையில் வீசி, 'இங்க ஒனக்கு ஒண்ணுமில்ல, மேக்க போ' என்று விரட்டுவார்கள். மற்ற ஊர்க்காரர்கள் கும்பிட்டுக் கூப்பிடுவதை இந்த ஊர்க்காரர்கள் இப்படி நாயை விரட்டுவதுபோல் விரட்டுவதைப் பார்த்து வெளியூர் லாரிக்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். ஊருக்கு மூன்று பக்கம் உப்பளம், நாலாவது பக்கம் கடல். வெயில் காய்ந்தால் பாத்தியில் உப்பு விளையும், ஒரு தூறல் விழுந்தால் விளைந்தது அத்தனையும் கரைந்து பழையபடி தண்ணீராகிவிடும், மறுபடி விளைகிறவரை அளத்தில் வேலையும் இல்லை, வீட்டில் உலையும் இல்லை.

ஆனால் ஊர்ப் பிள்ளைகளுக்கு வேறொரு கணக்கு இருந்தது. அது வந்தால் அம்மா வீட்டில் இருப்பாள். விடியுமுன்னே எழுந்து போய்விடுகிற அம்மா, உப்பு வாரிவிட்டு, பிறகு உப்பு அடுக்குகிற கிட்டங்கியில் மூட்டை தைத்துவிட்டு, கால் வெடிப்பில் உப்பு எரிய எரிய இருட்டின பிறகு திரும்புகிற அம்மா, அது வந்த அன்றைக்கு மட்டும் அடுப்படியில் உட்கார்ந்து தலையில் பேன் பார்ப்பாள், கதை சொல்லுவாள், சும்மாவாவது மடியில் போட்டுக்கொள்ளுவாள். இதைப் பெரியவர்களிடம் சொன்னால் முதுகில் நாலு விழும் என்பதால் எந்தப் பிள்ளையும் சொன்னதில்லை.

வடிவின் மகள் அனுசியா மட்டும் சொன்னாள். அவளுக்கு ஏழு வயது. அப்பன் லாரியில் கிளீனராகப் போனவன், எந்த ஊரில் இறங்கிக்கொண்டானோ, திரும்பி வரவில்லை. ஆகவே அந்த வீட்டில் இருந்தது இவர்கள் இரண்டு பேர்தான். அனுசியாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. சொல்லாமல் கிளம்பினால் அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அழுதபடி அளம்வரைக்கும் பின்னாலேயே வந்துவிடுவாள். 'விளக்கு வைக்குறதுக்குள்ள வந்திருதேன்' என்று சொல்லிவிட்டால் போதும், வாசல் நடையில் உட்கார்ந்துகொள்ளுவாள். வடிவு ஒருநாளும் விளக்கு வைப்பதற்குள் வந்ததில்லை. அது பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும், இருந்தாலும் தினமும் அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஆடி மாதம் ஒருநாள் காலையில் பிள்ளைக்கு உடம்பு சுட்டது. வடிவு நெற்றியில் ஈரத்துணி போட்டாள், கஞ்சியைப் பக்கத்தில் வைத்தாள். முந்தின வாரம் ஒருநாள் போகாததற்கே கங்காணி துரைப்பாண்டி அடுத்த ஆளை வைத்துக்கொள்ளுவதாகச் சொல்லியிருந்தார்.

"யம்மா, அது வந்தா நீ போவமாட்டல்ல?" என்று கேட்டாள் அனுசியா.

"போவமாட்டேன்."

"அப்ப நான் மழையக் கூப்பிடட்டா?"

ஊரே வாயில் எடுக்காத சொல்லைப் பிள்ளை எடுத்ததற்கு வேறொரு தாயாக இருந்தால் வாயிலேயே போட்டிருப்பாள். வடிவுக்குச் சிரிப்பு வந்தது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

"கூப்பிடுட்டி, கூப்பிடு" என்றாள். "விளக்கு வைக்குறதுக்குள்ள வந்திருதேன்."

பக்கத்து வீட்டு சகாயமேரி மத்தியானம் வந்து பார்த்தபோது பிள்ளைக்கு நினைவில்லை. ஆட்டோ பிடித்து, ஆஸ்பத்திரி வாசலைத் தொடுவதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று. அளத்திலிருந்து வடிவு ஓடிவந்தாள், எப்படி ஓடிவந்தாள், எந்த வழியாக வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கையில் உப்பு வாருகிற பலகை இருந்தது. அதை யாரோ பிடுங்கி வைத்தார்கள்.

மறுநாள் பிள்ளையை அடக்கம் செய்துவிட்டு ஊர் திரும்பி வருகிற நேரத்தில் அது வந்தது. ஊர் முழுக்க வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, வடிவின் ஓட்டு வீட்டின் மேல் மட்டும், கூரைக்கும் முற்றத்துக்கும் முருங்கை மரத்துக்கும் மட்டும், பந்தல் போட்ட மாதிரி ஒரு மேகம் வந்து நின்று சோவென்று பெய்தது. வடிவு வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தாள். பிள்ளை கூப்பிட்டது வந்துவிட்டது, ஒருநாள் பிந்தி வந்துவிட்டது, இனி வந்து என்ன செய்ய, யாருக்காக வந்தாய் என்று கேட்டு மண்ணில் விழுந்து புரண்டாள். அது நிற்கவே இல்லை.

அன்றைக்கும் நிற்கவில்லை, மறுநாளும் நிற்கவில்லை. ஊர் முதலில் பயந்தது. பெண்கள் வழக்கப்படி உப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்கள். வாசல்வரை வந்து, இது யாருடைய மழை என்று நினைத்துப் பார்த்து, எடுத்த உப்பை மடியிலேயே முடிந்துகொண்டு திரும்பினார்கள். செத்துப்போன பிள்ளை கூப்பிட்டதை விரட்ட யாருக்கும் கை எழவில்லை. ஆகவே உவர்க்குடி எதைச் செய்யத் தெரியுமோ அதைச் செய்தது, அதாவது பழகிக்கொண்டது. நிலத்துக்கடியில் எங்கே தோண்டினாலும் கரிக்கிற தண்ணீர் வருகிற ஊர், குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடுகிற ஊர். ஒரு வாரத்துக்குள் அந்தக் குடங்கள் எல்லாம் வடிவின் முற்றத்தில் வரிசையாக நின்றன. அந்தத் தண்ணீரில் பருப்பு பூப்போல வேகிறது என்றார்கள், துணி வெளுக்கிறது என்றார்கள். கரன்ட் ஆபீஸ்காரர் அந்த வீட்டுப் பக்கத்துக் கம்பத்தில் ஏறமாட்டேன் என்று எழுதிக்கொடுத்தார். தபால்காரர் அந்தத் தெருவுக்கென்று ஒரு குடை வைத்துக்கொண்டார். வழி கேட்கிறவர்களிடம் மழை வீட்டுக்கு எதிர்த்தாப்பில் என்று வெயில் காலத்திலேயே கூசாமல் அந்தச் சொல்லைச் சொல்ல ஆரம்பித்தார்கள். டீச்சர் அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து, கடல் தண்ணி ஆவியாகி மேல போகுது, குளுந்து மேகமாகுது, திரும்பக் கீழ வருது என்று முருங்கை மரத்தடியில் பாடம் நடத்தினார். நடத்தி முடித்துவிட்டு வடிவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

பதினாறு கழிந்து வடிவு வேலைக்குக் கிளம்பினாள். யாரிடமும் எதுவும் சொல்லாமல், வாளியையும் பலகையையும் எடுத்துக்கொண்டு நடந்தாள். தெருமுனை தாண்டும்போது சேலைத் தலைப்பு நனைகிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தால் பின்னாலேயே வருகிறது. ஒரு எட்டு பின்னால், அவள் நின்றால் நின்று, நடந்தால் நடந்து, விசும்புகிற மாதிரி தூறிக்கொண்டு வருகிறது. அவள் அளத்தில் கால் வைத்ததும் அதுவும் வைத்தது. இரண்டு பாத்தி உப்பு கண்ணெதிரே கரைந்தது.

கங்காணி துரைப்பாண்டி வாயாலேயே ஆளைக் கொல்லுகிறவர். அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, "தாயி, பிள்ளையக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிரு தாயி" என்றார்.

அதற்குப் பிறகு வடிவு வேலைக்குப் போகவில்லை. அளத்துப் பெண்கள் அவர்களுக்குள்ளேயே பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். தண்ணீர் பிடிக்க வருகிறவர்கள் குடத்தில் ஒரு கை அரிசி போட்டுக் கொண்டுவருவது, அதைக் கொட்டிவிட்டுத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போவது. வடிவு நடையில் உட்கார்ந்து நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படி ஒரு நாள், ஒரே ஒரு நாள் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காராமல் விட்டதுதான் அவள் வைத்த பாக்கி. அதை இப்போது தினமும் உட்கார்ந்து கழித்துக்கொண்டிருந்தாள். சில நேரம் மழை ஓட்டில் பட்டு விழுகிற சத்தத்துக்குப் பதில் சொல்லுவாள். கேட்கிறவர்கள் கேட்காததுபோல் குடத்தைத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

வானிலை ஆபீஸிலிருந்து செண்பகவல்லி என்று ஒரு மேடம் வந்தார். முற்றத்தில் மழை அளக்கிற உருளை ஒன்றை நட்டுவிட்டு, மாதம் ஒருதரம் வந்து பார்த்தார். காரணம் எதுவும் கேட்கவில்லை, சுவரில் மாலை போட்ட படத்தைப் பார்த்ததோடு சரி. வடிவுதான் கேட்டாள்.

"மேடம், டிவியில வானிலைங்கிறாங்க, காலநிலைங்கிறாங்க. இது எதுல சேத்தி?"

செண்பகவல்லி உருளையை விட்டு நிமிர்ந்தார். "ஒருத்தருக்கு இன்னைக்கு வர்ற கோபம் இருக்குல்லம்மா, அதுதான் வானிலை. இன்னைக்கு இருக்கும், நாளைக்கு இருக்காது. அவங்க குணம் எப்படின்னு சொல்றது காலநிலை. குணத்த ஒரு நாள்ல சொல்லிர முடியாது. கூடவே இருந்து பாக்கணும். நாங்க முப்பது வருஷம் பாப்போம்."

"முப்பது வருஷமும் இது பெஞ்சா?"

"அப்ப இந்த இடத்தோட குணமே இதுதான்னு ஆயிரும்."

"அதுக்கப்புறம் போவாதுல்ல?"

மேடத்துக்கு அதற்குச் சரியான பதில் வேறு. குணமும் மாறும், உலகமே அப்படி மாறிக்கொண்டுதான் இருக்கிறது என்று அவர் மேடைகளில் பேசுகிறவர். வடிவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "லேசுல போகாதும்மா" என்றார்.

வடிவுக்கு வயது முப்பத்திரண்டு. முப்பது வருஷம் என்றால் அறுபத்திரண்டு. அதுவரை இருந்துவிடலாம் என்று நினைத்தாள். அன்றைய காலைவரைக்கும் உயிரோடு இருக்க ஒரு காரணமும் இல்லாமல் கிடந்தவளுக்கு முப்பது வருஷத்துக்கு வேலை கிடைத்தது. சாயங்காலம் எழுந்து குளித்தாள், தலை சீவினாள், உலை வைத்தாள். இந்த மழையைக் கலையாமல் காப்பாற்றிவிட வேண்டும், இது இந்த மண்ணின் குணமாகும்வரை இதன் பக்கத்திலேயே இருந்துவிட வேண்டும், அதன் பிறகு என் பிள்ளையை யாராலும் இங்கிருந்து கொண்டுபோக முடியாது. இது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

ஐப்பசியும் கார்த்திகையும் வந்து, எல்லா ஊரிலும் பெய்கிற மழை உவர்க்குடியிலும் பெய்து, அதில் இவள் மழை எது ஊர் மழை எது என்று தெரியாமல் வடிவு தவித்து, தை பிறந்து வானம் வெளிவாங்கினபோது தன் வீட்டின் மேல் அது பத்திரமாக நிற்பதைப் பார்த்து நிம்மதியானாள். மாசியில் பாத்திகளைச் சரிசெய்து தண்ணீர் பாய்ச்சினார்கள். பங்குனியில் முதல் உப்பு பூக்கத் தொடங்கின நேரத்தில், சகாயமேரி வீட்டின் மேல் ஒரு மேகம் வந்து நின்றது.

பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? அத்தனை நாளும் குடத்துக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். வடிவு அத்தை எங்கேயும் போவதில்லை, நாள் முழுக்க நடையிலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறாள் என்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர்கள். சகாயமேரியின் மகள் ஜெனிபா, அனுசியாவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், யாரும் அடிப்பதற்கு முன்னாலேயே அழுதுகொண்டு சொல்லிவிட்டாள்.

"நாந்தான் கூப்பிட்டேன். அனு மட்டும் கூப்பிடலாமா?"

சகாயமேரி அடிக்க ஓங்கின கை அப்படியே நின்றது. அம்மா வீட்டில் இருக்கவேண்டும் என்று பிள்ளை ஆசைப்பட்டதற்கு எந்த முகத்தை வைத்துக்கொண்டு அடிப்பது. அவள் பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதாள், அப்படிக் கட்டிக்கொண்டதைப் பார்த்த எதிர்வீட்டுப் பிள்ளை, இவ்வளவு நல்லதா இது என்று நினைத்து, தன் வீட்டுக்கும் கூப்பிட்டான். அப்புறம் மேலத்தெரு, அப்புறம் கீழத்தெரு, அப்புறம் காலனி. வீட்டுக்கு வீடு மேகம் வந்து நின்று, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, சித்திரை வெயில் தெரியாமல் ஊரையே மூடி, கடைசியில் அளத்தின் மேலும் கவிந்தது.

கொஞ்ச நாளைக்கு உவர்க்குடிப் பிள்ளைகளைப்போல் சந்தோஷமான பிள்ளைகள் உலகத்திலேயே கிடையாது. எல்லோருக்கும் தலை சீவி விடப்பட்டது, எல்லோருக்கும் கதை கிடைத்தது. பிறகு அரிசி தீர்ந்தது. அம்மாக்கள் அடுப்படியில்தான் இருந்தார்கள், அடுப்பில்தான் ஒன்றும் இல்லை. உப்பு லாரிகள் வேறு ஊருக்குப் போய்விட்டன. நாலைந்து குடும்பங்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு திருப்பூருக்குப் பஸ் ஏறின. சுவரெல்லாம் ஈரம் பாய்ந்து, பாயெல்லாம் நனைந்து, வீட்டுக்கு ஒரு பிள்ளை காய்ச்சலில் படுத்தது.

செண்பகவல்லி குடையோடு வந்து ஊரைச் சுற்றிப் பார்த்தார். "எல்லா மேகமும் உங்க வீட்டு மேல இருந்துதாம்மா கிளம்புது" என்றார் வடிவிடம். "மத்ததெல்லாம் கிளை. வேர் இங்க இருக்கு." சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டார்.

அதை வாசலில் நின்ற நாலு பேர் கேட்டார்கள், சாயங்காலத்துக்குள் ஊரே கேட்டது. இருந்தும் ஒருவரும் வடிவிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோயில் முன்னால் கூடினார்கள், பேசினார்கள், யார் போய்ச் சொல்லுவது என்ற இடத்தில் பேச்சு நின்றுபோயிற்று. துரைப்பாண்டி, "என்னால ஆவாதுப்பா" என்று எழுந்து போய்விட்டார். குடத்தில் போட்டுக்கொண்டுவர அரிசி இல்லாத பெண்கள் வெட்கப்பட்டுக்கொண்டு அந்த முற்றத்துப் பக்கம் வருவதையே நிறுத்தினார்கள்.

வடிவுக்கு எல்லாம் தெரியும். தெரியாததுபோல் உட்கார்ந்திருந்தாள். என் ஒரு பிள்ளையைக் கொடுத்தேன், நீங்கள் ஒரு வருஷத்து உப்பைக் கொடுக்கக் கூடாதா என்று மனசுக்குள் ஊரோடு சண்டை போட்டாள். ஆனால் சகாயமேரி மூன்று நாளாக வெளியே தலைகாட்டவில்லை என்றதும் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போனாள். அவளுடைய மழையும் கூடவே வந்து அந்த வீட்டு மழையோடு சேர்ந்துகொண்டது.

ஜெனிபா ஈரப்பாயில் சுருண்டு கிடந்தாள். சகாயமேரி பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள்.

"எத்தன நாளாட்டி?" என்றாள் வடிவு.

"மூணு நாளா. பக்கத்துலயேதான் இருக்கேன் வடிவு. ஒரு நிமிசம் எந்திரிக்கல." சகாயமேரி துணியை நனைத்துப் பிழிந்தாள். "இருந்து என்ன செய்ய? கஞ்சிக்கு அரிசியில்ல. ஆட்டோக்காரன் இந்தத் தண்ணியில வரமாட்டேங்கான்."

வடிவு குனிந்து பிள்ளையின் நெற்றியில் கை வைத்தாள். அதே சூடு. அன்றைக்குக் கையை எடுத்துவிட்டுப் போனாளே, அதே சூடு. உள்ளங்கையிலிருந்து அது ஏறி அவள் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்தது.

ஜெனிபா கண்ணைத் திறந்தாள். "அத்த, அனு வந்திருக்காளா?"

"வந்திருக்கா" என்றாள் வடிவு. "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

அன்று முழுக்க அவள் மழையில் நனைந்தபடி முற்றத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒரு பிள்ளையை ஒருதரம் விட்டுவிட்டுப் போவதே பாவம், அதையே திரும்பவும் செய்யச் சொல்லுகிற உலகம் என்ன உலகம் என்று அழுதாள். அழுது முடித்துவிட்டு, ஓலைப்பெட்டிக்குப் பின்னால் கிடந்த பலகையைத் தேடி எடுத்துக் கழுவி வைத்தாள்.

விடிந்ததும் தூக்குவாளியையும் பலகையையும் எடுத்துக்கொண்டாள். தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டாள். போன தடவை சொல்லாமல் போனாள், அதனால்தான் பின்னாலேயே வந்தது. சொல்லிவிட்டுப் போனால் வராது. சொன்னால் உட்கார்ந்துகொள்ளுகிற பிள்ளை அது. அம்மாவை வீட்டில் நிறுத்த வந்தது, அவளே சொல்லிவிட்டுப் போய்விட்டால் ஓய்ந்து உட்கார்ந்துவிடும், வேர் ஓய்ந்தால் கிளையும் ஓயும். அதற்குப் பயந்துதான் இத்தனை நாளும் அந்த ஒரு வாக்கியத்தை அவள் வாய்க்குள்ளேயே பூட்டி வைத்திருந்தாள்.

நடையில் நின்று அண்ணாந்து பார்த்தாள். மழை அவள் முகத்தில் விழுந்தது.

"அம்மா வேலைக்குப் போயிட்டு வாரேன் மக்ளே" என்றாள். "விளக்கு வைக்குறதுக்குள்ள வந்திருதேன்."

அது கொஞ்சம் வலுத்தது. சேலைத் தலைப்பில் சொட்டியது. வடிவு தலைப்பை மெதுவாக இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினாள். தெருமுனை வந்தது, முதுகு நனையவில்லை. திரும்பிப் பார்த்தால் ஓடிவந்துவிடும் என்று தெரியும், ஆகவே பார்க்கவில்லை. வாளி காலில் இடிக்க இடிக்க நடந்தாள். பின்னால் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. ஓட்டில் விழுகிற சத்தம், பிறகு இலையில் விழுகிற சத்தம், பிறகு சொட்டுச் சொட்டாக, பிறகு அதுவும் கேட்கவில்லை.

அவள் அளத்துக்கு வந்து சேர்ந்தபோது அவளுடைய நிழல் பாத்தித் தண்ணீரில் விழுந்தது. சித்திரை வெயில் அத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததை மொத்தமாகக் கொட்டியது. வாருவதற்கு உப்பு இல்லை. வரப்புகள் உடைந்து கிடந்தன. அவள் குனிந்து மண்ணை அள்ளி வரப்பில் வைக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் யாரோ பக்கத்தில் வந்து குனிந்தார்கள், அப்புறம் இன்னொருவர். ஊர்ப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து வாய் திறக்காமல் வேலை செய்தார்கள். ஜெனிபாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள், பிள்ளை கண் முழித்துப் பேசுகிறது என்று மத்தியானம் தகவல் வந்தது. வடிவு தலையை ஆட்டினாள்.

வெயில் இறங்கத் தொடங்கினபோது அவள் கையைக் கழுவினாள். துரைப்பாண்டி பழக்கத்தில், "வடிவு, இன்னும் அந்தக் கடைசி வரப்பு கெடக்கே" என்றார்.

"இல்ல அண்ணாச்சி" என்றாள் வடிவு. "பிள்ளைகிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன்."

எல்லோரும் விலகி வரப்பில் வழி விட்டார்கள். வடிவு வேகமாக நடந்தாள், காலனி தாண்டினதும் ஓடினாள். வாளி எங்கோ விழுந்தது. தெருவெல்லாம் கொடி கட்டிப் பாய்களும் துணிகளும் காய்ந்துகொண்டிருந்தன. பிள்ளைகள் வெயிலில் நின்று அவள் ஓடுவதைப் பார்த்தார்கள்.

வீட்டு ஓடு காய்ந்திருந்தது. முற்றம் காய்ந்து வெடிக்கத் தொடங்கியிருந்தது. முருங்கை இலையில் ஒரு சொட்டு இல்லை. வடிவு மூச்சிரைக்க நடையில் வந்து நின்று, "அனு, அம்மா வந்துட்டேன் பாரு" என்று கூப்பிட்டாள். கொஞ்சம் பொறுத்து இன்னொருதரம் கூப்பிட்டாள்.

பிறகு பிள்ளை உட்காருகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். விளக்கு வைக்க இன்னும் நேரம் இருந்தது.